கை பட்டால் கணக்கில்லை

எடை மாட்டிய இரும்புப் பார் பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. ஏறு, ஏறு என்று பெஞ்சில் மல்லாந்து கிடந்த சென்னியப்பன் பல்லைக் கடித்தார், குதிகாலைத் தரையில் ஊன்றி அழுத்தினார், முதுகை வளைத்துப் பார்த்தார். இடது முழங்கை கிடுகிடுவென்று ஆடியது. எப்போதும் இடதுதான் முதலில் காலை வாரும், வலது கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்துவிட்டு அப்புறம் அதுவும் எனக்கென்ன என்று விட்டுவிடும். விட்டுவிட்டது. எண்பது கிலோவும் அவசரமே இல்லாமல், சொந்த நாற்காலியில் வந்து உட்காருகிற பெரிய மனுஷன் மாதிரி, அவர் நெஞ்சின் மேல் இறங்கி உட்கார்ந்துகொண்டது. பரவாயில்லை, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தள்ளினால் போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தார். மூச்சு வாங்கப் போனால் நெஞ்சு விரிய இடமில்லை. மூக்கு வரைக்கும் வந்த காற்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. சரி, சின்னச் சின்னதாக வாங்கிக்கொள்ளலாம், பதறக் கூடாது, பதறினால் கை தளர்ந்துவிடும், கை தளர்ந்தால் பார் கழுத்துப் பக்கம் உருளும். மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது, ஒரு இறக்கையில் மட்டும் ஒட்டடை. வஜ்ரம் ஜிம்மில் இத்தனை வருஷமாக இந்த பெஞ்சில் படுத்தவருக்கு அந்த ஒட்டடை இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. கீழே டைல்ஸ் கடையில் யாரோ கல் அறுக்கிறார்கள், இங்கே ஸ்பீக்கரில் ஏதோ குத்துப்பாட்டு, காலைக் கூட்டம் எப்போதோ கலைந்தாயிற்று. மாஸ்டர் ரபீக் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போயிருக்கிறார். அவர் டீ குடிக்கப் போனால் நாட்டு நடப்பையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டுத்தான் படியேறுவார். இந்த மாடியில் இப்போது சென்னியப்பனைத் தவிர ஒரே ஒரு ஆள்தான். அந்த ஒரு ஆள் இல்லாமல் இருந்திருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

அவன் நல்லசிவம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி வைத்திருப்பவன், நாற்பது வயதிருக்கும், கிட்டத்தில் வந்தால் வெண்ணெய் பிஸ்கட் வாசனை அடிக்கும். மூலையில் சைக்கிள் மிஷினில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருக்கிறான், டக் டக்கென்று பெடல் சத்தம் கேட்கிறது, கண்ணாடியில் அவனுடைய மஞ்சள் பனியனில் ஒரு துண்டு தெரிகிறது. புத்தாண்டுக்குச் சேர்ந்தவன். சுவரில் பழைய காலண்டரைக் கழற்றிப் புதுசை மாட்டுகிறபோது அதே ஆணியில் தொங்கிக்கொண்டு வந்து சேருகிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அதில் ஒருத்தன். காலண்டர் பார்ட்டி என்றுதான் பழைய ஆட்கள் சொல்வது. பேர் வைத்ததே சென்னியப்பன்தான். தாள் கிழியக் கிழிய ஆளும் குறையும், பொங்கலுக்குக் கரும்பு தின்னப் போகிறவன் போகிறவன்தான், தைப்பூசத்துக்குப் பார்த்தால் இடமெல்லாம் காலியாக, பழையபடி நிம்மதியாக இருக்கும். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும். பெஞ்சில் படுத்து எழுந்தால் வேர்வையைத் துடைக்கமாட்டார்கள். பிளேட்டை எடுத்த இடத்தில் வைக்கமாட்டார்கள். ஒருத்தன் எடை தூக்கிக்கொண்டிருக்கும்போது அவனுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வந்து நின்று தன் தொப்பையைத் தடவிப் பார்ப்பார்கள். போட்டோ வேறு. அதனால் பழைய ஆட்கள் சாயங்காலமோ காலையோ கிளம்பும்போது அவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பது வழக்கம். நாளைக்கு வருவீங்களா? கேட்டுவிட்டுத் தங்களுக்குள் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். கேட்கப்பட்டவனும் அசடு வழியச் சிரிப்பான், நாலு நாளில் அந்தச் சிரிப்பையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். இதில் என்ன தப்பு இருக்கிறது, விளையாட்டுக்குத்தானே, என்று சென்னியப்பன் பாருக்கு அடியில் கிடந்தபடி யாருக்கோ பதில் சொன்னார். இந்த நேரத்தில் இது எதற்கு ஞாபகம் வருகிறது? மூச்சு. மூச்சைப் பார். தள்ளு. தள்ளினார். ஒரு விரற்கடை எழும்பி மறுபடி உட்கார்ந்தது, இந்தத் தடவை முன்னைவிட அழுத்தமாக.

ஒரு குரல் கொடுத்தால் போதும். நல்லசிவம் என்று கூடச் சொல்ல வேண்டாம், ஏய் என்றால் போதும், சைக்கிளிலிருந்து குதித்து ஓடி வருவான். வருவானா? திங்கட்கிழமை ஓடித்தான் வந்தான். அதே பெஞ்சு, அதே எண்பது கிலோ, சுற்றிலும் பழைய ஆட்கள். பார் பாதியில் நின்று, இவர் முக்கிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ பூனை மாதிரி வந்து இரண்டு விரலைப் பாருக்கு அடியில் கொடுத்துவிட்டான். பார் சட்டென்று மேலே போயிற்று. சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்து, யாருய்யா உன்னைத் தொடச் சொன்னது என்று கத்திய கத்தலில் பாட்டை நிறுத்தினார்கள். நல்லசிவம் அந்த இரண்டு விரலையும் நீட்டியபடியே நின்றான். உங்களுக்குக் கஷ்டமா இருந்துதுங்களே அண்ணா, அதான், என்றான். அது இன்னும் மோசம். பத்துப் பேர் முன்னால் கஷ்டமாக இருந்தது என்று சொல்லலாமா? சென்னியப்பன் பாடமே நடத்திவிட்டார். ஒருத்தன் பார் தூக்கும்போது அவன் கேட்காமல் கிட்டே போகக் கூடாது. சப்போர்ட் வேண்டுமென்றால் அவன் வாயைத் திறந்து கேட்பான், கேட்டால்தான் தொட வேண்டும். இந்த ஊரில் ஆண்டாண்டுகாலமாகக் கை பட்டால் கணக்கில்லை, தூக்கினவன் தூக்கினதாகவே ஆகாது. நாசமாக்கிட்டயே. நல்லசிவம் தலையைத் தலையை ஆட்டினான், சரிங்க, சரிங்க, இனித் தொடமாட்டனுங்க என்றான். போகும்போது யாரோ அவனைப் பார்த்து நாளைக்கு வருவீங்களா என்று கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது தொடங்கிய அரிப்பு இன்னும் அடங்கவில்லை. அந்த இரண்டு விரல் இல்லாமல் பார் மேலே போயிருக்குமா? போயிருக்கும். போயிருக்காது. கொஞ்சம் இரு, போய்க்கொண்டுதானே இருந்தது? எங்கே போய்க்கொண்டிருந்தது, நின்றுவிட்டிருந்தது. பேக்கரிக்காரனுடைய இரண்டு விரலில் எத்தனை கிலோ வந்துவிடப் போகிறது? மாவு பிசைகிற விரல் அல்லவா, வரும், வரும். சோற்றில் கல் மாதிரி இது நான்கு நாளாகக் கடிபட்டுக்கொண்டே இருந்தது. யாரும் இல்லாதபோது ஒரே ஒரு தடவை தனியாகத் தூக்கிப் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் இன்றைக்குக் கடையைத் திறக்காமல், மோட்டார் காயில் கட்டுகிற வேலையை எல்லாம் போட்டுவிட்டு, இந்த நேரத்துக்கு வந்தார். வந்தால் இவன் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறான். கூட்டத்தில் வந்தால் திட்டுவார்கள் என்று நேரத்தை மாற்றிக்கொண்டானாம். அப்போதே திரும்பிப் போயிருக்கலாம்.

அதுவும் போகட்டும், லாக்கையாவது போடாமல் இருந்திருக்கலாம். பாரின் இரண்டு முனையிலும் பிளேட் நழுவாமல் மாட்டுகிற அந்தக் கிளிப்புக்குத்தான் லாக் என்று பேர். தனியாக பெஞ்சு போடுகிறவன் அதைப் போடக் கூடாது, இது நேற்றுப் பிறந்த பிள்ளைக்குக் கூடத் தெரியும். பாருக்கு அடியில் சிக்கிக்கொண்டால் அதை ஒரு பக்கம் சாய்த்தால் போதும், பிளேட்டெல்லாம் சரசரவென்று நழுவித் தரையில் விழும், பெரிய சத்தம் கேட்கும், மானம் கொஞ்சம் போகும், உயிர் மிஞ்சும். லாக்கை மாட்டும்போது அது சென்னியப்பனுக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஆனால் கண்ணாடியில் மஞ்சள் பனியன் தெரிந்தது. செவ்வாய்க்கிழமைதான் அவனை நிறுத்தி வைத்து, லாக் போடாம பாரைத் தூக்கற பழக்கம் இந்த ஜிம்முல கிடையாது, பிளேட்டு கால்ல உழுந்தா யார் பாக்கறது என்று அதட்டியிருந்தார். இவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாமே போடாமல் இருந்தால்? அவனுக்கு எதிரில் போய் அது வேற, இது வேற, தனியா பெஞ்சு போடறப்ப மட்டும் போடக் கூடாது என்றா விளக்கிக்கொண்டிருக்க முடியும்? இரண்டு பக்கமும் டக், டக்கென்று மாட்டினார், அவனுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே மாட்டினார். தன் வாயாலே தான் கெடுமாம் தவளை. இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார், பிளேட் நகரவில்லை, லாக் நல்ல லாக், ரபீக் கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்தது. நேராக்குவதற்குள் விலா எலும்பில் ஏதோ நெரிந்தது. கண் ஓரத்தில் சின்னச் சின்னதாக வெளிச்சப் புள்ளிகள் பறந்தன.

இன்னொரு வழி இருக்கிறது. பாரை நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து தொடைக்கு உருட்டிவிட்டு எழுந்து உட்கார்வது. வலிக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எல்லாரும் ஒரு நாள் செய்திருப்பார்கள், சென்னியப்பனும் வாலிபத்தில் செய்திருக்கிறார். இப்போது அதை நினைத்ததும் அடிவயிறு தானாகச் சுருங்கியது. அங்கே உருட்ட முடியாது. அங்கே வலை இருக்கிறது. ஆவணியில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தபோது உள்ளே வலை வைத்துத் தைத்திருக்கிறார்கள், கொசுவலைத் துணி மாதிரிதான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார், இனிப் பாரம் தூக்கற ஆசையெல்லாம் வேண்டாம், நடந்தாப் போதும், என்றும் சொன்னார். எண்பது கிலோ அந்த வலையின் மேல் உருண்டால் என்ன ஆகும்? கிழியுமா? கிழிகிற சத்தம் கேட்குமா? இந்த ஜிம்மில் ஒருத்தருக்கும் இது தெரியாது. ரபீக்குக்குக் கூட. மகள் பிரசவத்துக்கு ஓசூர் போகிறேன், வர நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனவர், மகளுக்கு அப்போது பிரசவமும் இல்லை, ஒன்றும் இல்லை, வீட்டுக் கட்டிலில் கிடந்து சுவரைப் பார்த்தார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. தோள் வற்றிப்போவதைத் தினமும் கண்ணாடியில் பார்த்தார். திரும்பி ஜிம் படி ஏறினது எப்போது? மார்கழி பாதியில். புதுக் காலண்டர் மாட்டின அன்றைக்கு. அட, அன்றைக்கேதான். நல்லசிவம் புது ஷூவோடு கீழே செருப்பு விடுகிற இடத்தில், ஷூவைக் கழட்டோணுங்களா, போட்டுட்டே போலாங்களா என்று தயங்கி நின்றான், அவனைத் தாண்டிக்கொண்டு, போட்டுட்டே வாய்யா என்று இவர் ஏறினார். ஒரே படி, ஒரே நாள். அன்றைக்கு வெறும் பாரைத் தூக்கவே கை ஆடியது, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தார், எல்லாரும் புதிதாக வந்த கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அப்பாடா என்று இவரும் போய் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். திருடன் தானும் கூட்டத்தோடு ஓடிக்கொண்டு திருடன் திருடன் என்று கத்துவானாம். வேண்டாம், இந்த நினைப்பு இப்போது வேண்டாம், மூச்சு, கை, மூச்சு.

போன் அடித்தது. பெஞ்சுக்குக் கீழே, தண்ணீர் பாட்டில் பக்கத்தில், தரையோடு அதிர்ந்துகொண்டு அடித்தது. சுலோச்சனாதான். இந்த நேரத்துக்கு அவள்தான் கூப்பிடுவாள், கடைக்குப் போயாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்பாள். ஜிம்முக்குப் போய் நடக்கிற மிஷினில் மட்டும் நடக்கிறேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருக்கிறார். அவள் நம்பவில்லை, நம்பாததைச் சொல்லவும் இல்லை. புத்தாண்டு அன்றைக்கு அவருடைய தங்கை குடும்பம் வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, ஏனுங்க, நானும் உங்ககூட வரட்டுங்களா, லேடீசுக்குத் தனி நேரம் இருக்குதாமே, சர்க்கரைக்கு நல்லதுன்னு டாக்டரும் சொல்றாரு என்றாள். இவர் வாயில் சோற்றோடு, அம்மிணி, நீ பொங்கல் வரைக்கும் கூடத் தாங்கமாட்டே, எத்தனை காலண்டர் பார்ட்டியை நான் பார்த்திருக்கிறேன் என்றார். தங்கை புருஷனுக்குப் புரையேறிவிட்டது. சுலோச்சனாவும் சிரித்தாள், ரசம் ஊற்றினாள். மறுநாள் விடியற்காலையில் மொட்டைமாடியில் சரக் சரக்கென்று சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தால், இவருடைய பழைய கேன்வாஸ் ஷூவுக்குள் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறாள். இவரைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தாளோ என்னவோ. இன்றைக்கும் நடந்தாள், சத்தம் கேட்டது, போர்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். போன் நின்றது. சரி, எடுக்கவில்லை என்றால் மறுபடி கூப்பிடுவாள், அப்புறம் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்புவாள், அவன் கடைக்குப் போவான், கடை பூட்டியிருக்கும். இங்கே வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முடிவதென்றால் என்ன? பயம் அப்போதுதான் முழுசாக வந்தது. அதுவரைக்கும் வெட்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, இப்போது வெட்கத்தைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டு முனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் தெரிந்தது. வாலிபத்தில் கையை முறுக்கிக்கொண்டு எடுத்த போட்டோவைத்தான் போடுவார்கள், கீழே வஜ்ரம் ஜிம் நண்பர்கள் என்று இருக்கும், இறுக்கமான பனியனோடு எல்லாரும் வந்து வாசலில் நிற்பார்கள். எப்படிச் செத்தார்? எண்பது கிலோவுக்கே. எண்பதுக்கேவா, நம்ம சென்னியப்பண்ணனா? சுலோச்சனா யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த ஷூவை மட்டும் கழற்றி ஓரமாக வைப்பாள்.

கூப்பிட்டார். ஏய் என்று சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, அதையும் குத்துப்பாட்டு தின்றுவிட்டது. காலால் தரையை உதைக்கலாம் என்றால் காலை எடுத்தால் இடுப்பு சரிந்துவிடும். டக் டக், டக் டக். அந்த மடையன் மிதித்துக்கொண்டே இருக்கிறான், எந்த ஊருக்குப் போகப் போகிறானோ. அப்புறம் டக் டக் நின்றது. கண்ணாடியில் மஞ்சள் பனியன் காணாமல் போயிற்று. இறங்கிவிட்டான். கிளம்பிவிட்டானா? பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டால் அவ்வளவுதான். போகாதே, சாமி, போகாதே. ஷூ சத்தம். புது ஷூ, ரப்பர் தரையில் கீச்சென்கிறது. சத்தம் கிட்டே வந்தது. இதோ வந்துவிட்டான், அப்பா. வந்தவன் பெஞ்சுக்கு இரண்டு எட்டுத் தள்ளி, தூக்குகிறவன் பக்கம் யாரும் வரக் கூடாது என்று ரபீக் பெயிண்ட் அடித்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். தலைகீழாகத் தெரிந்தது அவன் முகம், தாடை மேலேயும் நெற்றி கீழேயும். பயந்து வெளிறியிருந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் இந்தக் காலண்டர் பார்ட்டியிலேயே இவன் ஒருத்தன்தான், அவனைப் பார்த்துத்தானா சொல்லித் தொலைத்தேன் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? இதுவும் ஒரு பயிற்சி, பழைய ஆட்கள் இப்படித்தான் பாரை நெஞ்சில் வைத்து ஓய்வெடுப்பார்கள் என்று நினைத்திருப்பானோ? நல்லசிவம் ஒரு அடி முன்னால் வைத்தான், கோட்டைப் பார்த்தான், காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவன் உதடு அசைந்தது. பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. குனிந்து, கையைக் கட்டியபடியே, இவர் காதுக்கு நேராக மறுபடி கேட்டான்.

"அண்ணா, இப்பத் தொடலாங்களா?"

கேலி இல்லை. சென்னியப்பன் தேடினார், அந்த நிலைமையிலும் தேடினார், அந்தத் தலைகீழ் முகத்தில் கடுகளவு கேலி இருந்தாலும் போதும் என்று இருந்தது, இருந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் பலம் வரும். ஒன்றும் இல்லை. அனுமதி கேட்கிற முகம்தான் இருந்தது. ஆமாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? சொன்னால் கை படும். கை பட்டால் கணக்கில்லை. திங்கட்கிழமையும் கணக்கில்லை என்று ஆகிவிடும், அந்த இரண்டு விரல்தான் தூக்கியது என்று ஆகிவிடும், ஆவணியிலிருந்து மார்கழி வரை ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். இன்னும் ஒரே ஒரு தடவை தள்ளிப் பார்க்கலாமா? மூச்சு கொஞ்சம்தான் இருக்கிறது, ஒன்று தள்ளலாம், இல்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லலாம், இரண்டுக்கும் காணாது. மேலே ஒட்டடை சுற்றியது. காதுக்குள் சரக் சரக்கென்று மொட்டைமாடியில் யாரோ நடந்தார்கள். பிடிங்க, என்றார். சத்தம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இருந்ததையெல்லாம் சேர்த்து, "புடிங்க" என்றார்.

நல்லசிவத்தின் கைகள் இறங்கின. இரண்டு விரல் இல்லை, இரண்டு முழுக் கை, மாவு பிசைகிற அகலமான கை, பாரின் நடுவில் சென்னியப்பனின் கைகளுக்கு உள்பக்கமாகப் பற்றியது. மேலே இழுக்கவில்லை. தூக்குங்கண்ணா, நான் இருக்கறன், என்றார் நல்லசிவம். அந்தச் சொல்லுக்குத்தான் கை காத்திருந்ததோ என்னவோ, செத்துப்போயிருந்த இடது முழங்கைக்குள் எங்கிருந்தோ ஒரு துளி வந்தது. பார் எழுந்தது. நெஞ்சை விட்டு எழுந்தது, பாதியில் நிற்கிற அந்தப் பாழாய்ப்போன இடத்தில் நின்றது, அங்கேயும் நல்லசிவத்தின் கைகள் இருந்தன, தாண்டியது. இதில் தன்னுடையது எவ்வளவு, அவருடையது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கப் போன மனசு, பாதியிலேயே களைத்து விட்டுவிட்டது. பார் தாங்கியில் போய் கணீரென்று விழுந்தது. காற்று ஒரு மூட்டையாக உள்ளே வந்தது, இருமினார், இன்னும் காற்று, இன்னும், போதவே இல்லை. சப்போர்ட் பிடிக்கிறவன் ஒவ்வொரு தடவையும் சத்தமாக எண்ண வேண்டும் என்பது இங்கே வழக்கம். அதை ஓரத்தில் நின்று பார்த்து மனசில் வைத்திருந்த நல்லசிவம், மூச்சிரைக்க, கடமை தவறாமல், "ஒண்ணு" என்றார்.

சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார். நெஞ்சில் பாரின் தடம் சிவப்பாகக் கிடந்தது. அடிவயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார், வலை இருந்த இடத்தில் வலி புதிதாக ஒன்றும் இல்லை, பழைய வலிதான். கண்ணில் தண்ணீர் வந்தது, வேர்வை என்று சொல்லித் துடைக்கலாம், ஆனால் யாரும் கேட்கவில்லையே. நல்லசிவம் ஓடிப்போய்ப் பாட்டைக் குறைத்துவிட்டு வந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார், உங்க போன் அடிச்சுதுங்க, நீங்க சொல்லாம எடுக்கக் கூடாதுன்னு உட்டுட்டனுங்க, என்றார். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்து பெஞ்சில் இவர் முதுகு பட்ட இடத்தின் வேர்வையைத் துடைக்க ஆரம்பித்தார். அதை நீங்க தொடைக்க வேண்டாங்க, என்று சென்னியப்பன் துண்டை வாங்கிக்கொண்டார். வாங்கினவருக்கு எழுந்து துடைக்கத் தெம்பில்லை, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும். நன்றி என்றால் நாடகம் மாதிரி இருக்கும். கும்பிடலாமா? நல்லசிவம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வரனுங்க என்று கதவுப் பக்கம் திரும்பிவிட்டார். போனால் அப்புறம் வருவாரோ மாட்டாரோ, பொங்கல் வேறு நெருங்கிவிட்டது என்ற திகில், பாருக்கு அடியில் கிடந்தபோது வந்த அதே திகில், மறுபடி நெஞ்சில் ஏறியது. அதில்தான் வாய் முந்திக்கொண்டது.

"நாளைக்கு வருவீங்களா?"

நல்லசிவம் நின்றார். முகம் சுருங்கியது. இத்தனை நேரம் இருந்த கவலையும் பரிவும் போய், இத்தனை நாளும் கேட்டுக் கேட்டுப் பழகின அந்த அசட்டுச் சிரிப்பு வந்து உதட்டில் ஒட்டிக்கொண்டது. வந்துருவனுங்க, என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சென்னியப்பனுக்குச் சுரீரென்றது. மனசாரக் கேட்ட கேள்வி. ஆனால் இந்த வாயால் அதை மனசாரக் கேட்க முடியாதபடி, சிரித்துச் சிரித்து அந்த வார்த்தையையே கெடுத்து வைத்தாயிற்று. வீட்டிலும் ஒருத்தியிடம் இதே மாதிரி ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது, நாளைக்கு வர்றயா என்று கேட்டால் அவள் முகமும் இப்படித்தான் போகும், போகட்டும், போனாலும் கேட்க வேண்டும். எழுந்து நின்றார், பாரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"கேலிக்குக் கேக்கலீங்க. வயித்துல ஆபரேஷன் ஆயிருக்குது எனக்கு, இங்க யாருக்கும் தெரியாது. நீங்க வந்தாத்தான் நானு இதுல படுக்கோணும். அதுக்குத்தான் கேட்டனுங்க."

நல்லசிவம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு பாரைப் பார்த்தார். இதே நேரத்துக்கு வர்றனுங்கண்ணா, பன்னு அடுப்புல ஏத்திட்டு வந்துருவன், நாளைக்கு வேண்ணா எடையைக் கொஞ்சம் கம்மியா வெச்சுக்கலாங்களா என்று, தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கத்தோடு கேட்டார். வெச்சுக்கலாங்க, என்றார் சென்னியப்பன். கீழே தரையில் போன் மறுபடி அதிர ஆரம்பித்தது. நல்லசிவம் பையை இறக்கி வைத்துவிட்டு வந்து, இந்தப் பக்கத்து லாக்கைக் கழற்றினார். அந்தப் பக்கத்து லாக்கைச் சென்னியப்பன் கழற்றினார்.